நகவெட்டியும் நல்ல உருக்கும்

ஐம்பது ரூபாய்க்கும் நகவெட்டி உண்டு. ஆயிரக்கணக்கான ரூபாய்க்கும் உண்டு. விலையில் உள்ள இந்த வித்தியாசம் உருக்கில் உள்ள வித்தியாசந்தானா?

மதுரை விளக்குத்தூணைச் சுற்றியுள்ள ஜவுளிக் கடைகளில் மாலை விளக்குகள் எரியத் தொடங்கி, ஜிகர்தண்டாக் கடையின் முன்னே நின்ற கூட்டம் தெருவுக்கு வழிந்து, பூக்காரப் பெண்கள் மல்லிகைச் சரத்தை முழம்போட்டு அளந்துகொண்டிருந்த வேளையில், அந்த ஆரவாரத்திலிருந்து சற்று ஒதுங்கிய ஒரு பேன்ஸி கடையின் கண்ணாடி மேஜைமேல் இரண்டு நகவெட்டிகள் அக்கம்பக்கமாக வைக்கப்பட்டிருந்தன. ஒன்று அட்டையில் கோத்துத் தொங்கும் வகை. மேலே வெள்ளிபோன்ற பூச்சும் பக்கத்தில் மடக்கி வைத்த சிறு அரமும் கொண்டது. விலை ஐம்பது ரூபாய். மற்றொன்று கறுப்புப் பெட்டிக்குள் மெத்தென்ற துணியின்மேல் படுத்திருந்தது, ஜப்பானில் செய்தது, விலை ஆயிரத்து எண்ணூறு.

"எங்கப்பாவுக்குச் சுகர் இருக்குண்ணே. கால் நகமெல்லாம் தடிச்சுப் போச்சு. வீட்ல இருக்குறதுல வெட்டுனா நசுங்குதே தவிர வெட்ட மாட்டேங்குது," என்றாள் வேலையிலிருந்து நேரே வந்திருந்த ஓர் இளம்பெண்.

"அப்ப இத எடுத்துட்டுப் போங்கம்மா. ஜப்பான் இரும்பு. ஆயுசுக்கும் மழுங்காது."

"இரும்புல அப்படி என்னண்ணே இருக்கு?"

கடைக்காரர் அதைக் கையில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல இரும்பும்மா," என்றார்.

அவர் சொன்னதற்கு மேல் சொல்ல எத்தனையோ விஷயங்கள் இருக்கின்றன. கே.கே. நகரிலும் அண்ணா நகரிலும் புறவழிச் சாலையிலும் அழகு நிலையங்கள் பெருகி, நகப் பராமரிப்பு என்பது கல்யாணப் பெண்ணின் அலங்காரத்தோடு நின்றுவிடாமல் மாதந்தோறும் செய்துகொள்ளும் காரியமாக மாறிவிட்ட இந்நாளில், அங்கே கண்ட கருவிகளை வீட்டிற்கும் வாங்கவேண்டும் என்ற ஆசை பலருக்கும் பிறந்திருக்கிறது. கைபேசியைத் திறந்தால் ஜெர்மன் உருக்கு, ஜப்பானிய உருக்கு, அறுவைச் சிகிச்சைத் தரத்து உருக்கு என்று விளம்பரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலிக்கு மேற்பட்ட தொகையை ஒரு நகவெட்டிக்குக் கொடுப்பது பிரயோஜனமுள்ள செலவுதானா என்பதை மேலெழுந்தவாரியாகத் தீர்மானித்துவிடக் கூடாது. ஏனெனில் இந்தச் சிறிய உபகரணம் அலங்காரத்தோடு மட்டும் சம்பந்தப்பட்டதாக இல்லை; இந்நகரத்தில் எத்தனையோ பேருடைய கால்களின் க்ஷேமம் இதனைப் பொறுத்திருக்கிறது.

குறுக்கே கிழியும் பொருள்

நகம் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. தலைமயிரும் மாட்டுக் கொம்பும் அதே ஜாதியைச் சேர்ந்தவை. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த மூன்று படலங்களில் நடுப்படலத்தின் நார்கள் விரலுக்குக் குறுக்கே ஓடுகின்றன. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட பரீட்சைகளின்படி, நகத்தைக் குறுக்கே வெட்டுவதற்கு வேண்டிய சக்தியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதனை நீளவாட்டில் வெட்டுவதற்கு வேண்டியிருக்கிறது. நகத்தின் விளிம்பில் ஏற்படும் விரிசல் சதையை நோக்கி உள்ளே ஓடாமல் குறுக்கே திரும்பி உதிர்ந்துவிடும்படி இயற்கை செய்திருக்கும் சூட்சுமமான ஏற்பாடு இது.

மழுங்கிய கருவி இந்த ஏற்பாட்டையே நமக்கு விரோதமாகத் திருப்பிவிடுகிறது. கூரான வாய் தான் செல்லும் வழியில் நகத்தைப் பிளந்துகொண்டு போகிறது. மழுங்கிய வாயோ முதலில் நகத்தை நசுக்கி, பிறகு நார்களின் போக்கிலே ஒரு கிழிசலை உண்டாக்கிவிட, அந்தக் கிழிசல் வாய்க்கு முன்னாலேயே பக்கவாட்டில் ஓடி மூலையில் ஒரு முள்ளை விட்டுச் செல்கிறது. அந்த முள் சதைக்குள் இறங்கி, விரல்நுனி வீங்கி, இரவு முழுவதும் விண்விண்ணென்று தெறிக்கும் நகச்சுற்றாக மாறுவதையும், எலுமிச்சம்பழத்தைத் துளைத்து அந்த விரலைச் செருகிக்கொண்டு மனிதர்கள் நடமாடுவதையும் நம் வீடுகளில் பார்க்காதவர் இல்லை. நகத்தைச் சுற்றிய தோலில் கிருமி நுழைய வழிகிடைப்பதே அந்த உபாதைக்குக் காரணம்; வழி பல விதங்களில் திறக்கலாம்; மழுங்கிய நகவெட்டி அவற்றுள் ஒன்று.

பெட்டிச் செய்தி: நகமும் கருவியும்

கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறக்குறைய 3.5 மில்லிமீட்டர் வளர்கிறது. கால்விரல் நகம் அதில் பாதிக்கும் குறைவாக, 1.6 மில்லிமீட்டர்.

நெம்புகோலுடன் கூடிய இன்றைய நகவெட்டியின் முன்னோடிகளுக்கு 1875-ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்காவில் காப்புரிமைகள் வழங்கப்பட்டன. அதற்கு முன்னும் பின்னும் நம் ஊர்களில் அந்த வேலையைச் செய்தது நாவிதரின் அடைப்பத்தில் சவரக்கத்தியோடு கிடந்த நகவெட்டி. சிற்றுளிபோன்ற சிறு இரும்பு.

நகத்தின் கடினம் மோஸ் அளவையில் ஏறக்குறைய 2.5, பதம் வைத்த உருக்கின் கடினம் அந்த அளவையில் இதனினும் வெகுதூரம் மேலே நிற்கிறது.

எவர்சில்வர் வேறு, கத்தி உருக்கு வேறு

துருப்பிடிக்காதது எல்லாம் உயர்ந்த உருக்கு என்ற அபிப்பிராயம் ஜனங்களிடையே வேரூன்றியிருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை எவர்சில்வர் தகடுகளை உற்பத்தி செய்யத் தொடங்கியதிலிருந்து அந்த உலோகம் நம் சமையலறைகளில் பித்தளையின் ஸ்தானத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. நல்ல பாத்திரத்துக்குரிய எவர்சில்வரில் 18 சதவிகிதம் குரோமியமும் 8 சதவிகிதம் நிக்கலும் கலந்திருக்கும். குரோமியம் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய திரையை உண்டாக்கித் துருவைத் தடுத்துவிடுகிறது. ஆனால் இந்த உலோகத்தை எவ்வளவு காய்ச்சி எவ்வளவு விரைவாகக் குளிர்வித்தாலும் அது கடினப்படுவதில்லை. ஆகையால் சாம்பார் வாளிக்கு உத்தமமான அந்த உருக்கு, வெட்டும் வாய்க்கு உதவாது.

வெட்டும் கருவிக்கு வேண்டிய துருப்பிடிக்காத உருக்கு வேறொரு குலம். அதில் நிக்கல் அநேகமாக இராது. குரோமியம் 12 முதல் 18 சதவிகிதம் வரையிலும், அதனோடு கரியின் அம்சமும் போதிய அளவில் இருக்கும். விலை மலிந்த சவரக் கருவிகளிலும் கத்தரிகளிலும் காணப்படும் 420 வகை உருக்குகளில் கரி 0.4 சதவிகிதத்தை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். உயர்ந்த கத்திகளுக்குப் பயன்படும் 440சி என்ற உருக்கில் 1 சதவிகிதத்தைச் சுற்றி இருக்கும். காய்ச்சிக் குளிர்விக்கும்போது உருக்கைக் கடினமாக்குவது இந்தக் கரியே. காந்தம் ஒட்டாத நகவெட்டி பாத்திர உருக்கால் ஆனது என்று சந்தேகிக்கலாம்; ஆனால் காந்தம் ஒட்டியதனால் மட்டும் அது கத்தி உருக்கு என்று நிர்ணயித்துவிட முடியாது, ஏனெனில் கடினப்படாத மற்றொரு வகை எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டும்.

இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி 1913-இல் துப்பாக்கிக் குழல்கள் அரிக்கப்படாமலிருக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது வார்த்த குரோமிய உருக்குதான் இந்தக் குலத்துக்கு முன்னோடி. அதைக் கத்திக்குப் பயன்படுத்தலாம் என்று அவர் சொன்னபோது, அந்நகரத்துக் கத்தித் தொழிலாளர்கள் செய்து பார்த்துவிட்டு, வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்த மனிதர் என்று அவரைப் பரிகசித்தார்கள். தவறு உருக்கில் இல்லை. சாதாரணக் கரி உருக்கை ஏறக்குறைய 800 டிகிரி உஷ்ணத்தில் செந்நிறமாகக் காய்ச்சித் தோய்ப்பதே தலைமுறை தலைமுறையாக அவர்களுடைய கைப்பழக்கம். குரோமிய உருக்குக்கோ 1,000 டிகிரி அளவில் உஷ்ணம் வேண்டியிருந்தது. குறைந்த உஷ்ணத்தில் தோய்த்ததனால் அது கடினமாகவில்லை. அடுப்பின் உஷ்ணத்தை உயர்த்திய பிறகு அதே உருக்கு உலகமெங்கும் சாப்பாட்டு மேஜைகளுக்குப் போயிற்று. உயர்ந்த உருக்கு என்று பெட்டிமேல் அச்சிட்டிருப்பதைப் படிக்கும் எவரும் நினைவில் கொள்ளத்தக்க சரித்திரம் இது.

திருப்பாச்சேத்தி உலைக்களத்தில்

மதுரையிலிருந்து ராமேசுவரம் செல்லும் சாலையில் சிலைமானைக் கடந்து, கீழடியையும் திருப்புவனத்தையும் தாண்டி, வைகையின் போக்கோடு கிழக்கே போனால் திருப்பாச்சேத்தி வருகிறது. அரிவாளுக்குப் பிரசித்தி பெற்ற ஊர். நெல் வயலுக்கும் கருவேலங்காட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் வேண்டிய அரிவாள்களோடு, அழகர் கோயில் பதினெட்டாம்படிக் கருப்பண்ண சுவாமிக்கும் ஊர்தோறும் உள்ள காவல் தெய்வங்களுக்கும் நேர்ந்துகொண்டு செலுத்துகிற ஆளுயர அரிவாள்களும் இந்த வட்டாரத்துப் பட்டறைகளில் உருவாகின்றன.

இங்கே உருக்கு ஆலையிலிருந்து வருவதில்லை; ஓடித் தேய்ந்த லாரிகளின் பட்டையிலிருந்து வருகிறது. வண்டியின் பாரத்தைத் தாங்கி வளைந்து நிமிரும் அந்த வில்லுப் பட்டைகளில் கரி அரை சதவிகிதத்தைச் சற்றுத் தாண்டி இருக்கும். வாய்க்கு வேண்டிய கடினமும், ஓங்கி வெட்டும்போது முறியாதிருக்கும் உறுதியும் ஒருங்கே அமைய அது ஏற்ற அளவு. பெட்டிமேல் எழுதுவதற்குரிய கௌரவமான பெயர் எதுவும் அதற்கு இல்லை. ஆயினும் திருப்பாச்சேத்தி அரிவாளை வாங்கிப்போன விவசாயி பல ஆண்டுகள் அதைத் தீட்டித் தீட்டிப் பயன்படுத்துகிறார்.

"கூடக் காய்ச்சிப்புட்டா முனை பொட்டுனு போயிரும்ங்கய்யா, கொறையக் காய்ச்சுனா மடங்கிரும். நெறத்தப் பாத்துத்தான் தோய்ச்சல் போடணும். அதுக்குத்தான் பட்டறையில வெயில் விழாம வச்சிருக்கோம்," என்றார் அங்கே வயது முதிர்ந்த ஆசாரி ஒருவர். அவர் பேசிக்கொண்டிருந்தபோதே உலையிலிருந்து எடுத்த அரிவாளின் வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் ஒரு கணம் இறக்கித் தூக்கி, உள்ளேயிருந்த உஷ்ணம் மீண்டும் வாய்க்குப் பரவி நிறம் மாறும் வரையில் பார்த்திருந்து, பிறகு முழுவதையும் குளிர்வித்தார். முதல் தோய்ச்சல் உருக்கைக் கண்ணாடிபோல் கடினமாகவும் உடையக் கூடியதாகவும் ஆக்குகிறது. பின்னால் பரவிய இளஞ்சூடு அந்த உடையும் குணத்தைத் தணிக்கிறது. உலோகவியல் நூல்கள் பல பக்கங்களில் விவரிக்கும் இரண்டு கிரியைகளை அவர் ஒரே மூச்சில், ஒரு கருவியும் இன்றி, கண்ணால் செய்து முடித்தார். ஒரு நகவெட்டியின் வாயும் இந்த இரண்டு கிரியைகளையும் கடந்துதான் வந்தாக வேண்டும்; ஜப்பானில் செய்தாலும் சீனத்தில் செய்தாலும் இதற்கு விலக்கு இல்லை.

இத்தகைய அறிவு இந்நாட்டுக்குப் புதிதன்று. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1980-களில் நடந்த அகழ்வாய்வு, இரும்பு உருக்கிய உலைகளையும் மூசையில் உருக்கு வார்த்த தடயங்களையும் வெளிக்கொணர்ந்தது. தென்னிந்தியாவில் இவ்வாறு மூசையில் வார்த்த, கரி மிகுந்த உருக்கு 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உட்ஸ் என்ற பெயரோடு லண்டனை அடைந்தபோது, அதன்மேல் மிகுந்த சிரத்தை கொண்டவர் ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்ற கத்தித் தொழிலாளர். போர்வாள் செய்ய அவர் அதை நாடவில்லை. அறுவைச் சிகிச்சைக் கருவிகளுக்கும் பேனாக்கத்திகளுக்கும் மற்ற நுண்ணிய கருவிகளுக்கும் நாடினார். நெடுங்காலம் ஒப்பிட்டுப் பார்த்ததில் ஐரோப்பாவின் சிறந்த உருக்கைக் காட்டிலும் இதுவே மேல் என்று தம் வியாபார அட்டையிலேயே அறிவித்தார். கருமான் ஒருவரின் மகனான மைக்கேல் பாரடே அவரோடு சேர்ந்து இந்த உருக்கை ஆராய்ந்து 1820-இல் கட்டுரை வெளியிட்டார். ஆனால் அதே உருக்கை வாங்கிய வேறு பல ஐரோப்பியக் கொல்லர்கள் தங்கள் வழக்கப்படி மிகையாகக் காய்ச்சி அடிக்க, அது நொறுங்கி உதிர்ந்தது. பிரியர்லியின் உருக்கைக் குறைந்த உஷ்ணம் கெடுத்தது. நம்முடைய உருக்கை அதிக உஷ்ணம் கெடுத்தது.

மயிரிழை சிதைக்கும் வாய்

இவ்வளவு கடினமான உருக்கு, இவ்வளவு மென்மையான நகத்தை வெட்டி ஏன் மழுங்குகிறது என்று கேட்பது நியாயமே. இதற்கு நெருங்கிய ஒரு கேள்விக்கு அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தினர் 2020-இல் விடை கண்டார்கள். தலைமயிரைக் காட்டிலும் சவர பிளேடின் உருக்கு ஐம்பது மடங்கு கடினமானது. ஆயினும் மயிரை மழித்தே அது கெடுகிறது. மின்னணு நுண்ணோக்கியின்கீழ் அவர்கள் கண்டது, வாய் சீராகத் தேய்வதற்குப் பதிலாக ஆங்காங்கே சில்லுச் சில்லாகப் பெயர்வதைத்தான். உருக்கின் உள்ளமைப்பு ஓரிடத்தில் கடினமாகவும் அடுத்த இடத்தில் மென்மையாகவும் மாறி மாறி இருந்து, அந்த எல்லையில் மயிர் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சாய்ந்து தாக்கினால், அங்கே சில்லு பெயர்கிறது.

நகமும் கெரட்டின்தான், மயிரினும் பன்மடங்கு தடித்தது. ஆகையால் இந்த ஆராய்ச்சியிலிருந்து நகவெட்டிக்கும் ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து: உருக்கில் கரியும் குரோமியமும் எத்தனை சதவிகிதம் என்பதோடு, அவை எவ்வளவு சமமாகப் பரவியிருக்கின்றன என்பதும் வாயின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நல்ல ஆலையில் சுத்தமாக வார்த்து, உஷ்ணமானியோடு கூடிய உலையில் ஒரே சீராகக் காய்ச்சிய உருக்கு, விலை கூடியிருப்பதற்கு இதனால் நியாயம் ஏற்படுகிறது. கரி மிகுந்த 440சி போன்ற உருக்கில் கடினமான பெரிய துகள்கள் உண்டாவதால், மிக மெல்லிய வாய்க்கு அதைவிடக் கரி குறைந்து சீராக அமைந்த உருக்கே ஏற்றதாக இருப்பதும் உண்டு. சவர பிளேடுகளுக்குரிய உருக்கை ஆலைகள் இந்த நோக்கத்தோடுதான் தயாரிக்கின்றன.

இரண்டு வாய்களும் கூடுமிடம்

கத்தரிக்கோலில் ஒரு வாய் மற்றொன்றை உரசிக்கொண்டு கடந்து போகிறது. நகவெட்டியில் இரண்டு வாய்களும் நேருக்கு நேர் வந்து முட்டி நிற்கின்றன. இந்த ஒரு வித்தியாசத்தினால் நகவெட்டிக்கு உருக்கினும் முக்கியமான ஓர் இலக்கணம் ஏற்பட்டுவிடுகிறது: மூடிய நிலையில் இரண்டு வாய்களும் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இடைவெளியின்றிப் பொருந்தவேண்டும். தலைமயிர் அளவு இடைவெளி இருந்தாலும் கடைசி நார் வெட்டுப்படாமல் தொங்கும். கை தானாக அதைப் பிய்த்து இழுக்கும். முன்னே சொன்ன கிழிசல் மூலைக்கு ஓடும். உலகத்தின் மிகச் சிறந்த உருக்கும் கோணலாகக் கூடிய வாயைக் காப்பாற்ற முடியாது.

தென்கொரியாவில் 1975-இல் தோன்றிய த்ரீ செவன் நிறுவனத்தின் நகவெட்டிகள் இதற்குப் பிரத்தியட்ச சாட்சி. உலகமெங்கும் கோடிக்கணக்கில் விற்ற அந்த நகவெட்டிகளில் பெரும்பாலானவை விலை உயர்ந்த துருப்பிடிக்காத உருக்கால் செய்தவை அல்ல. சாதாரணக் கரி உருக்கை அச்சில் அடித்து, தோய்ச்சல் போட்டு, வாயைத் தீட்டி, மேலே பூச்சு ஏற்றியவை. அவை வெட்டுவது வாய்கள் கூடும் நேர்த்தியினால். அமெரிக்காவில் பாசெட் நிறுவனம் 1947-இல் கொண்டுவந்த டிரிம் நகவெட்டியும் கரி உருக்கில் புகழ் பெற்றதே. ஆகவே வீட்டில் ஒருவர் தம் கைநகத்தை வாரம் ஒருமுறை வெட்டி, துடைத்து, உலர்ந்த பெட்டியில் போட்டுவைக்கும் அளவுக்கு, நன்றாகச் செய்த நூறு இருநூறு ரூபாய் நகவெட்டி தாராளமாகப் போதும்; அதற்கு மேற்பட்ட விலையில் பெரும்பகுதி மெருகுக்கும் பெட்டிக்கும் பெயருக்கும் போகிறது என்றே நான் கருதுகிறேன்.

பெட்டிச் செய்தி: கடையிலேயே செய்யத்தக்க பரீட்சைகள்

நகவெட்டியை மூடி விளக்குக்கு எதிரே பிடியுங்கள். வாய்களுக்கிடையே வெளிச்சம் தெரிந்தால் வாங்க வேண்டாம்.

மெல்லிய காகிதத்தை நுனியிலும் நடுவிலும் ஓரத்திலும் வெட்டிப் பாருங்கள். எங்கும் காகிதம் கிழியாமல் அறுபட வேண்டும்.

நெம்புகோலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மேல்வாய் சேர்ந்து அசைந்தால் சில மாதங்களில் பொருத்தம் குலையும்.

தடித்த கால் நகத்துக்குக் கைநகத்தின் கருவியைப் பயன்படுத்த வேண்டாம். வாய் நேராக அமைந்த பெரிய வகையையோ, வில் வைத்த இடுக்கி வகையையோ கேளுங்கள்.

ஒரு கருவி, பல கைகள்

வீட்டைவிட்டு அழகு நிலையத்துக்கும் முடிதிருத்தும் நிலையத்துக்கும் வந்தால் கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது. ஒரே நகவெட்டி காலையிலிருந்து இரவுவரை பல விரல்களைத் தொடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் அதில் ஒட்டினாலும் போதும். மஞ்சள்காமாலைக்குக் காரணமான ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, உலர்ந்த பரப்பில், ஏழு நாட்கள் வரையிலாவது உயிரோடிருந்து தொற்றும் வல்லமை உடையது. துணியால் துடைத்துவிட்டு அடுத்தவரை உட்கார வைப்பது இந்தக் கிருமிக்கு வழிவிடுவதாகும். ஒவ்வொருவருக்குப் பின்னும் கருவியைச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, அழுத்த நீராவியில் 121 டிகிரி உஷ்ணத்தில் வைத்தெடுப்பதே நம்பத்தகுந்த முறை.

இங்கேதான் உயர்ந்த உருக்கு தன் விலையை நியாயப்படுத்துகிறது. பூச்சு ஏற்றிய கரி உருக்கை நாள்தோறும் நீராவியில் வைத்தால், வெட்டி வெட்டித் தேய்ந்த வாயில் பூச்சு முதலில் போய், அங்கே துரு ஏறி, வாய் பொடிப்பொடியாக அரிக்கப்படுகிறது. துரு ஏறும் என்று பயந்தே பலர் நீராவியைத் தவிர்க்கிறார்கள். அப்படித் தவிர்ப்பதன் விலையை வாடிக்கையாளர் தம் சரீரத்தால் கொடுக்க நேர்கிறது. குரோமியம் போதிய அளவுள்ள கத்தி உருக்கு அந்தப் பயத்தை நீக்கிவிடுகிறது. ஆகவே நகப் பராமரிப்புக்குப் பணம் கொடுக்கும் எவரும், கருவி எந்த நாட்டது என்று கேட்பதற்கு முன், அது எந்தப் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டது, எப்போது நீராவியில் வைக்கப்பட்டது என்று கூச்சமின்றிக் கேட்க வேண்டும்.

மதுரைச் சமவெளிக்கு என்று ஒரு தனிச் சங்கடமும் உண்டு. இங்கே பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு, குரோமியத்தின் காப்புத் திரையை ஆங்காங்கே துளைத்து ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும். பாத்திர எவர்சில்வரைவிடக் கத்தி உருக்கே இதற்கு எளிதில் இரையாகிறது. ஏனெனில் அதிலுள்ள கரி, குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெளுக்கும் திரவத்தில் இரவு முழுவதும் ஊறவைக்கும் வழக்கமும் இதே கேட்டைச் செய்கிறது. நல்ல நீரில் அலசி உடனே துடைத்து உலர்த்தாவிட்டால், ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க் கருவியும் இந்த ஊர்த் தண்ணீரில் சில மாதங்களுக்குள் புள்ளி புள்ளியாக அரிக்கப்பட்டுவிடும்.

உணர்விழந்த கால்

2023-இல் வெளியான தேசிய ஆய்வு இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்கள் நீரிழிவு உடையவர்கள் என்று கணக்கிட்டது. நெடுநாள் நீரிழிவு, பாதத்தின் நரம்புகளைக் கெடுத்து உணர்வை மங்கச் செய்கிறது. இரத்த ஓட்டத்தைக் குறைத்துப் புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது. இத்தகைய காலில் நகம் வெட்டும்போது சதை கிள்ளப்பட்டால் வலி தெரியாது. வலி தெரியாத சிறு காயம் கவனிக்கப்படாமல் செருப்புக்குள் ஈரத்தில் புழுங்கி, புண்ணாகி, விரலையும் சில சமயங்களில் காலையும் எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய் விடுவதை, மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளின் அறுவைச் சிகிச்சைப் பிரிவுகளில் பணிபுரிவோர் நன்கு அறிவார்கள்.

மேலூரிலும் வாடிப்பட்டியிலும் சோழவந்தானிலும் பெரியாறு பாசன வயல்களில் நாற்று நடும் பெண்களின் கால்களுக்கு இந்த அபாயம் இன்னும் நெருக்கத்தில் இருக்கிறது. நாள் முழுவதும் சேற்றில் ஊறி, விரலிடுக்கில் சேற்றுப்புண் கண்டு, நகம் தடித்துக் கறுத்துப்போன கால் அது. அந்த நகத்துக்கு அவர்கள் வீட்டில் உள்ள கருவி பெரும்பாலும் பாதியாக ஒடித்த சவர பிளேடு. பிளேடின் உருக்கு அற்புதமானது. மேலே சொன்ன எல்லா இலக்கணங்களும் பொருந்தியது. ஆனால் அதன் வாய் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்ல எந்த அமைப்பும் அதில் இல்லை. கை வழுக்கினால் சதைதான் தடுத்து நிறுத்த வேண்டும். உருக்கின் உயர்வு ஒன்றையே நம்புவதில் உள்ள ஆபத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு வேண்டியது வாய் நேராகவும் பிடி நீளமாகவும் அமைந்து, தடித்த நகத்தைச் சிறிது சிறிதாக நறுக்கக்கூடிய இடுக்கி வகை நகவெட்டி. அதனோடு, குளித்த பிறகு நகம் நீரை உறிஞ்சி மென்மையாக இருக்கும்போது, மூலைகளைத் தோண்டாமல் நேர்கோட்டில் வெட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஒருவர். நகம் மிகவும் தடித்தோ சதைக்குள் வளைந்தோ போனவர்களும், பாதத்தில் உணர்வு குறைந்தவர்களும் தாமே வெட்டிக்கொள்ளாமல் மருத்துவரிடம் காட்டுவதே க்ஷேமம். விளக்குத்தூண் கடையில் நின்ற பெண்ணின் தகப்பனாருக்கு உரிய ஆலோசனையும் அதுவே. அவருடைய கால் உணர்வோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் எந்த நாட்டு உருக்கையும் அவருக்குச் சிபாரிசு செய்வதற்கில்லை.

தீட்டித் தர யார் இருக்கிறார்கள்?

ஜப்பானில் நீகாதா மாகாணத்துச் சாஞ்சோ நகரில் 1926-இல் தோன்றிய சுவாதா நிறுவனம், உருக்கைக் காய்ச்சி அடித்து, வாயைக் கையால் அராவி, இடுக்கி வகை நகவெட்டிகளைச் செய்து உலகெங்கும் மிக உயர்ந்த விலைக்கு விற்கிறது. அந்த விலைக்கு ஓர் ஆதாரம் உண்டு: மழுங்கிய கருவியைத் திரும்ப வாங்கித் தீட்டிப் பொருத்திக் கொடுக்கிறார்கள். உயர்ந்த உருக்கின் சிறப்பே மீண்டும் மீண்டும் கூர் ஏற்கும் குணம். தீட்டித் தர ஆள் இல்லாத ஊரில் அந்தக் குணத்தால் பயன் இல்லை. முதல் கூர் போனவுடன் அதுவும் மேஜை அறையில் கிடக்கும்.

சைக்கிளில் சாணைக்கல்லைக் கட்டிக்கொண்டு நம் தெருக்களில் வருகிறவர் அரிவாள்மனையையும் கத்தரியையும் நன்றாகத் தீட்டுவார். நகவெட்டியின் உள்வளைந்த வாய்க்கு அந்தக் கல் பொருந்தாது. தீப்பொறி பறக்கத் தீட்டினால் வாய் நீலம் பாய்ந்து, ஆலையில் வைத்த பதமும் இறங்கிப்போகும். இதற்கு வேண்டியவை மென்மையான சிறு கற்களும், தண்ணீரும், இரண்டு வாய்களும் சேரும் கோட்டை விளக்கில் பார்த்துப் பார்த்து அராவும் பொறுமையுமே.

திருப்பாச்சேத்தியில் அந்தப் பொறுமை இருக்கிறது. ஆனால் இயந்திரங்கள் அறுவடையை எடுத்துக்கொண்ட பிறகு வேலை குறைந்துவிட்டது. அரிவாள் வாங்குவோரின் பெயரையும் முகவரியையும் பதிவு செய்ய வேண்டும் என்று காவல்துறை விதித்த கட்டுப்பாட்டுக்குச் சமூக நியாயம் உண்டு என்றாலும், அதனால் தங்கள் தொழில்மேலேயே ஒரு சந்தேகம் விழுந்துவிட்டதாகப் பட்டறைக்காரர்கள் வருந்துகிறார்கள். ஜெர்மனியில் சோலிங்கன் நகரத்தார் வாள் செய்வதிலிருந்து கத்தரிக்கும் சவரக்கத்திக்கும் நகவெட்டிக்கும் வந்தவர்கள். அந்நகரத்தின் பெயரைப் பொறிக்க வேண்டுமானால் முக்கியமான வேலைகள் எல்லாம் அங்கேயே நடந்திருக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் கூறுகிறது. நம் அருகிலேயே திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் இத்தகைய காப்பாகப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

திருப்பாச்சேத்தியும் இந்த வழியில் போகலாம். ஆனால் நகவெட்டி முழுவதையும் செய்ய அதனால் இன்றே இயலாது. குரோமிய உருக்குக்குரிய 1,000 டிகிரி உஷ்ணத்தைக் கண்ணால் துல்லியமாக அளக்க முடியாது. உஷ்ணமானியோடு கூடிய மின்னுலை வேண்டும். அதை ஒரு பட்டறை தனியாக வாங்குவது கஷ்டம், பலர் சேர்ந்து வாங்கலாம், அரசு உதவலாம். தீட்டும் தொழிலுக்கோ மின்னுலை தேவையில்லை. மதுரையின் அழகு நிலையங்களிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் மழுங்கிக் கிடக்கும் இடுக்கிகளையும் கத்தரிகளையும் வாரம் ஒருமுறை சேகரித்து, தீட்டி, வாய் பொருத்தித் திருப்பித் தரும் வேலையைத் திருப்பாச்சேத்தி இளைஞர் சிலர் கற்றுக்கொண்டு தொடங்கலாம். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் நகவெட்டியை விற்கும் கடைக்காரரும், ஆயுசுக்கும் மழுங்காது என்று சொல்வதை விட்டு, மழுங்கினால் கொண்டுவாருங்கள், தீட்டித் தருகிறோம் என்று சொல்லக்கூடிய நிலைக்கு வந்தால், அந்த விலையைக் கொடுக்க எனக்குத் தயக்கம் இராது.